ஏலச்சீட்டு

ஏலச்சீட்டு என்பது ஒரு குழுவினர் மாதந்தோறும் சம அளவு பணம் கட்டி, சேரும் தொகையை ஏலத்தின் வழியாக மாதம் ஒருவராக எடுத்துக்கொள்ளும் முறை. சேமிப்பும் கடனும் இதில் ஒன்றாகவே நடக்கின்றன. தமிழ்நாட்டில் கல்யாணச் செலவு, கல்லூரிக் கட்டணம், வட்டிக்கடன் அடைப்பு ஆகியவற்றுக்காக நடுத்தர, ஏழைக் குடும்பங்கள் நெடுங்காலமாக இதை நம்பியிருக்கின்றன. குலுக்கல் சீட்டு இதிலிருந்து வேறுபட்டது; அதில் ஏலம் இல்லை, பெயர் விழுந்தவருக்கே பணம்.

20 பேர் மாதம் 5,000 ரூபாய் கட்டும் ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டை எடுத்துக்கொள்வோம். ஏல நாளன்று சீட்டுப் பிடிப்பவர் வீட்டில் உறுப்பினர்கள் கூடுவார்கள். பணம் அவசரமாக வேண்டியவர் ‘பத்தாயிரம் தள்ளு’ என்று தொடங்க, மற்றவர்கள் ஐந்நூறும் ஆயிரமுமாக ஏற்றிக்கொண்டே போவார்கள். 20,000 தள்ளுக்கு மேல் கேட்க ஆள் இல்லையென்றால், அதைக் கேட்டவருக்கு 80,000 ரூபாய் கிடைக்கும். தள்ளுத் தொகையில் பிடிப்பவரின் கமிஷன் 5,000 போக, மீதி 15,000 இருபது பேருக்கும் கழிவாகப் பிரியும். ஆகவே அந்த மாதம் ஒவ்வொருவரும் 4,250 கட்டினால் போதும். சீட்டு எடுத்தவர் மீதி மாதங்களுக்கும் தவறாமல் கட்டியாக வேண்டும். அதற்காகவே அவரிடம் ஜாமீன் கேட்கிறார்கள்.

சீட்டு லாபமா நட்டமா என்பது எடுக்கும் மாதத்தைப் பொறுத்தது. மேற்சொன்ன சீட்டில் கழிவு போகச் சராசரியாக 4,400 ரூபாய் கட்ட நேர்ந்தால், 20 மாதத்தில் மொத்தம் 88,000 ஆகிறது. கடைசியில் எடுப்பவருக்குக் கமிஷன் போக 95,000 கிடைக்கும். இது ஆண்டுக்கு ஏறத்தாழ 10 விழுக்காடு வட்டி கிடைத்ததற்குச் சமம். இரண்டாம் மாதமே 25,000 தள்ளிவிட்டு 75,000 எடுப்பவரோ, மாதம் ஏறத்தாழ 2 விழுக்காடு, அதாவது பேச்சுவழக்கில் ‘இரண்டு வட்டி’ கொடுக்கிறார்.

இந்தக் கணக்கைப் போடாமல் சீட்டு எடுப்பதே குடும்பங்கள் செய்யும் பெரிய பிழை. சீட்டின் வட்டியை மற்றக் கடன்களின் வட்டியோடு ஒப்பிட வேண்டும். நாள்தோறும் தவணை கட்டும் கடனான நூறு நாள் தண்டலில் 8,500 ரூபாயைக் கையில் வாங்கி, நாளுக்கு 100 வீதம் 10,000 கட்டுபவர் கொடுக்கும் வட்டி, ஆண்டுக்கு ஏறத்தாழ 120 விழுக்காடு. கந்துவட்டி, மீட்டர் வட்டியோடு தண்டலையும் தமிழ்நாட்டின் 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அத்தகைய கடனை அடைக்க முன்கூட்டியே சீட்டு எடுப்பது புத்திசாலித்தனம். வீட்டில் நகை இருந்தால் கூட்டுறவு வங்கியிலோ பொதுத்துறை வங்கியிலோ அடகு வைப்பது இன்னும் மலிவு. டிவி வாங்கவும் சுற்றுலா போகவும் சீட்டைத் தள்ளி எடுப்பது வீண் இழப்பு.

இந்தியாவில் சீட்டுகள் 1982ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்துக்கு உட்பட்டவை. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் கமிஷன் உச்சவரம்பை 5 விழுக்காட்டிலிருந்து 7 ஆகவும், தனிநபர் நடத்தக்கூடிய சீட்டுகளின் வரம்பை 1 லட்சத்திலிருந்து 3 லட்சம் ரூபாயாகவும் உயர்த்தியது. கேரள அரசு 1969 முதல் தன் நிறுவனம் ஒன்றின் மூலம் தானே சீட்டு நடத்துகிறது. மலேசியாவிலோ ‘கூட்டு’ எனப்படும் இம்முறை 1971ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடை செய்யப்பட்டது.

ஆபத்து பெரும்பாலும் பதிவில்லாச் சீட்டில்தான். தெருவில் தெரிந்தவர், உறவுக்காரர் என்ற நம்பிக்கையில் நோட்டில் எழுதி நடத்தப்படும் சீட்டில், எடுத்தவர் கட்டாமல் நின்றாலோ பிடிப்பவர் ஊரைவிட்டுப் போனாலோ, கடைசி மாதத்துக்காகக் காத்திருந்த சிக்கனக்காரர்களே அதிகம் இழக்கிறார்கள். பதிவு செய்த சீட்டில் பிடிப்பவர் முன்கூட்டியே பிணைத்தொகை கட்ட வேண்டும். தகராறு வந்தால் உறுப்பினர் சீட்டுப் பதிவாளரிடம் மனுச் செய்து தீர்ப்புப் பெறலாம். சேருமுன் ஒப்பந்தப் படியையும் பதிவு எண்ணையும் கேட்டு வாங்குங்கள். தரத் தயங்குபவரிடம் சீட்டுப் போட வேண்டாம்.