தருமமும் சந்தையும்: நியூயோர்க் புனித வின்சன்ற் வைத்தியசாலை
நியூயோர்க் நகரில் வாந்திபேதி பரவிய 1849ஆம் ஆண்டில், கத்தோலிக்கத் துறவறச் சகோதரிகள் வாடகை வீடொன்றில் 30 படுக்கைகளுடன் புனித வின்சன்ற் வைத்தியசாலையை ஆரம்பித்தனர். பஞ்சத்தால் புலம்பெயர்ந்த ஐரிஷ் உழைப்பாளர் அங்கு புகலிடம் பெற்றனர். 1912இல் டைட்டானிக் கப்பலிலிருந்து உயிர்தப்பியோர் பலர் அங்கே பராமரிக்கப்பட்டனர். 1984இல், பிறர் அஞ்சி விலகிய எயிட்ஸ் நோயாளருக்கெனத் தனிப்பிரிவு அமைந்தது. மதநிறுவனத்தின் பணி என்பதற்காக இதனை நாம் குறைத்து மதிப்பிடுதல் தகாது. ஆயினும், பெருங்கடன் காரணமாக 2010இல் வைத்தியசாலை மூடப்பட்டது. அவ்விடத்தில் செல்வந்தருக்கான ஆடம்பர இல்லங்கள் எழுந்தன. வைத்தியம் விற்பனைப் பண்டமாகவுள்ள சமூக அமைப்பில், தருமத்தின் ஆயுளையும் சந்தையே நிர்ணயிக்கின்றது. எனவே, மருத்துவம் கொடையாகவன்றி மக்களின் உரிமையாக நிலைநிறுத்தப்படல் வேண்டும் என்பதே இவ்வரலாறு நமக்கு உணர்த்துவதாகும்.