மார்பகக் குறைப்பு: காப்புறுதி எப்போது கைகொடுக்கும்?

பசறை, ஹாலிஎல பக்கத் தோட்டங்களில் கொழுந்துக் கூடையின் கயிறு நாள் முழுக்கத் தலையை இழுக்கிறது. மார்பின் பாரமும் சேர்ந்தால் கழுத்து, தோள், முதுகு எல்லாம் வலி. மார்பின் அடியில் வியர்வைப் புண். வெட்கத்தில் பலர் வெளியே சொல்வதில்லை. ஆனால் இது வைத்தியம் தேவைப்படும் பிரச்சினை, அழகு விவகாரம் அல்ல.

காப்புறுதியில் எல்லாம் இந்த வேறுபாட்டில்தான் தொங்குகிறது. அழகுச் சத்திரசிகிச்சைக்குத் தனியார் கம்பனிகள் பொதுவாகப் பணம் கொடுப்பதில்லை. ஆகவே வலி, புண், இதுவரை எடுத்த மருந்து அனைத்தும் வைத்தியரின் கடிதத்தில் இருக்கட்டும். கடிதம் ஆங்கிலத்தில் இருந்தால் வாசித்து விளக்கச் சொல்லுங்கள். 'அழகு' என்ற ஒரு சொல்லே மறுப்பதற்குக் காரணமாகலாம். கம்பனியின் சம்மதத்தை முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள். மறுத்தால் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் முறையிடலாம். (அமெரிக்காவில் அகற்றும் சதையின் எடையையும் பார்க்கிறார்கள், 1991இல் வந்த ஷ்னூர் அட்டவணை அதற்குப் பயன்படும் ஓர் அளவுகோல்.)

காப்புறுதியே இல்லாதவர்கள் பதுளை ஆஸ்பத்திரியின் சத்திரசிகிச்சை கிளினிக்கில் காட்டி, பிளாஸ்டிக் சத்திரசிகிச்சைப் பிரிவுக்குக் கடிதம் கேட்கலாம். அரச வைத்தியசாலையில் கட்டணமில்லை. ஆனால் கிளினிக் போகும் நாளில் பேர் போகும். சத்திரசிகிச்சைக்குப் பின் பல வாரங்கள் பாரம் தூக்கவும் முடியாது. அதற்கான மருத்துவச் சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள்.