தாமரைக் காசும் லட்ச ரூபாய்க் கனவும்

தாமரைப்பூ போட்ட மஞ்சள் இருபது பைசாவை நம் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டோம். 1968 முதல் 1971 வரை வந்த காசு. செம்பும் அலுமினியமும் நிக்கலும் கலந்த உலோகம்தான். ஆனால் தங்கம் கலந்திருக்கிறது என்று ஒரு புரளி கிளம்பியது. லட்சுமி பூஜைக்கு என்று 108 சேர்த்து வைக்காத வீடு குறைவு.

1969-ல் காந்தி நூற்றாண்டுக் காசுகள் வந்தன. அதில் 1869–1948 என்றுதான் இருக்கும், வெளியிட்ட ஆண்டு இருக்காது. அதைப் பார்த்துவிட்டு ‘1948-ஆம் வருஷத்துக் காசு சார்’ என்று இன்றும் காட்டுகிறார்கள். அந்த வரிசையில் பத்து ரூபாய் மட்டும் வெள்ளி. அதற்கு வெள்ளி விலையாவது தேறும். பிறகு 1982-ல் ஆசிய விளையாட்டு, 1985-ல் இந்திரா காந்தி, 1989-ல் நேரு. அரசு கோடிக்கணக்கில் அச்சடித்தது. நாமும் பின்னால் விலை போகும் என்று டப்பாவில் போட்டு வைத்தோம். எல்லோரும் பத்திரப்படுத்திய பொருள் எப்படி அரிதாகும்?

அமெரிக்காவிலும் இதே கதைதான். பேஸ்பால் ஆட்டக்காரர் படம் போட்ட பழைய அட்டைகள் பெரும் விலைக்குப் போவதைப் பார்த்து, 1980-களின் கடைசியில் ஜனங்கள் புது அட்டைகளைப் பெட்டி பெட்டியாக வாங்கிப் பூட்டினார்கள். கம்பெனிகளும் அச்சடித்துத் தள்ளின. இன்று அவற்றில் பெரும்பாலானவை சீந்துவாரில்லை. பழைய அட்டைகள் விலை போனதே, பிள்ளைகள் விளையாடிக் கிழித்ததும் அம்மாக்கள் குப்பையில் போட்டதும் போக மிஞ்சியவை கொஞ்சம் என்பதால்தான்.

1948-ல் வந்த காந்தி பத்து ரூபாய்த் தபால் தலையில், கவர்னர் ஜெனரல் அலுவலகத்துக்காக ‘சர்வீஸ்’ என்று மேலச்சு போட்டவை நூறே நூறு. 2017-ல் அதில் நான்கு சேர்ந்த துண்டு ஒன்று ஐந்து லட்சம் பவுனுக்கு விற்றது. புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்தவன் நான். பாங்க் தெ லேந்தோஷின் அந்த ஊருக்கென்று வெளியிட்ட ரூபாய் நோட்டுகளைச் சேகரிப்பவர்கள் இன்று தேடி அலைகிறார்கள். செலவுக்கு இருந்த பணத்தை யார் நினைவுக்காக வைத்திருப்பார்கள்?

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், வள்ளூரில் என் தெருக்காரர் ஒருவருக்கு வந்த போன். தாமரைக் காசுக்கு மூன்று லட்சமாம்; முதலில் பதிவுக் கட்டணமும் வரியும் கட்ட வேண்டுமாம். ரிசர்வ் வங்கி பெயரில் ஒரு சான்றிதழும் வாட்ஸப்பில் வந்தது. முப்பது வருஷம் அரசுக் கடிதங்களைப் பார்த்த கண்ணுக்கு அது போலி என்பது இரண்டாவது வரியிலேயே தெரிந்தது. பழைய காசு, நோட்டு வியாபாரத்தில் தனக்குத் தொடர்பில்லை, அதற்காகக் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை, யாருக்கும் அதிகாரம் தரவுமில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே அறிவித்துவிட்டது.

இருபத்தைந்து பைசாவும் அதற்குக் கீழுள்ளவையும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது. ஆகவே தாமரைக் காசைக் கடையில் கொடுக்க முடியாது. நாணயக் கண்காட்சிகளில் அதைக் குவியலாகக் கொட்டி வைத்திருப்பார்கள். சில பத்து ரூபாய்க்கு ஒன்று பொறுக்கிக்கொள்ளலாம். சந்தேகம் இருப்பவர்கள் ஒருமுறை போய்க் கேட்டுப் பாருங்கள், நுழையும்போதே யாரும் வரி கேட்கமாட்டார்கள்.