நீலகிரி வரையாடு

நீலகிரி வரையாடு, மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் தமிழ்நாடு, கேரளம் ஆகிய இரு மாநிலங்களில் மட்டும் வாழும் குளம்பு விலங்கு. தமிழ்நாட்டின் மாநில விலங்கு. மலையுச்சிப் புல்வெளிகளில் மேயும். சிறுத்தையோ செந்நாயோ நெருங்கினால் செங்குத்துப் பாறைகளில் ஏறித் தப்பும். வளர்ந்த கிடாவின் முதுகில் சேணம் போன்ற வெளிர் திட்டு காணப்படும்.

பெயரும் வகைப்பாடும்

சங்க இலக்கியத்தில் இது ‘வருடை’ எனப்படுகிறது. 1838இல் விலங்கியலாளர் ஓகில்பி இதற்கு அறிவியல் பெயரிட்டார். நெடுங்காலம் இமாலய வரையாட்டின் பேரினத்தில் வைக்கப்பட்டிருந்தது. செம்மறியினத்துக்கே இது நெருங்கிய உறவு என 2005இல் மரபணு ஆய்வு காட்டியபின் தனிப் பேரினமானது.

வேட்டைக் கட்டுப்பாடு

19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் வேட்டையால் நீலகிரியில் வரையாடுகள் வெகுவாகக் குறைந்தன. 1877இல் அங்கு வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் தோன்றியது. 1879இல் வேட்டையைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. வேட்டைக்கு விலங்குகள் எஞ்சியிருக்க வேண்டும் என்பதே இவற்றின் நோக்கம். கேரளத்தின் மூணாறில் தேயிலைத் தோட்டத்தாரும் இரவிகுளத்தை வேட்டைக் காப்பிடமாக வைத்திருந்தனர். முதுவர் பழங்குடியினர் அங்குக் காவலர்களாக இருந்தனர். கேரள அரசு அந்நிலத்தை எடுத்துக்கொண்டு 1975இல் சரணாலயமாகவும் 1978இல் தேசியப் பூங்காவாகவும் அறிவித்தது. அதற்கு முன்பே, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வரையாட்டு வேட்டையை நாடெங்கும் தடைசெய்தது.

புல்வெளி இழப்பு

துப்பாக்கிக்குக் கட்டுப்பாடு வந்த பிறகும் மேய்ச்சல் நிலத்துக்குக் காப்பு கிடைக்கவில்லை. புல்வெளியைத் தரிசாகக் கருதிய வனக்கொள்கை, தோல் பதனிடவும் காகிதக்கூழுக்கும் விறகுக்கும் உதவும் சீகை (வாட்டில்), யூகலிப்டஸ், பைன் மரங்களை அங்கு நட்டது. மரம் அடர்ந்த இடத்தில் வரையாடு மேயாது. அதனால் மந்தைகள் ஒன்றையொன்று எட்ட முடியாதபடி சிதறின. சீகை தானாகவே பரவுவதால் நடவு நின்றபின்பும் இழப்பு தொடர்ந்தது.

அண்மைக்காலம்

1975இல் இயற்கையியலாளர் இ.ஆர்.சி. டேவிதார் இவ்விலங்கின் பரவலை ஆராய்ந்து பதிவுசெய்தார். அவர் நினைவாக அக்டோபர் 7 வரையாடு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. நீலகிரியின் முக்கூர்த்தி 1990இல் தேசியப் பூங்காவானது. தமிழ்நாடு அரசு 2022இல் 25.14 கோடி ரூபாயில் ஐந்தாண்டு வரையாடு திட்டத்தை அறிவித்தது. கணக்கெடுப்பு, கழுத்துப்பட்டைக் கருவிவழிக் கண்காணிப்பு ஆகியவற்றோடு சோலைப் புல்வெளியை மீட்பதும் அதன் பணி. தமிழ்நாட்டில் 2024இல் 1,031 வரையாடுகளும், கூடுதல் பகுதிகளில் நடந்த 2025 கணக்கெடுப்பில் 1,303 வரையாடுகளும் பதிவாயின. பன்னாட்டுச் செம்பட்டியலில் இது இன்னும் அழியும் ஆபத்திலுள்ள இனமே.