பட்டியலில் ஏறிய மலை

தேர்தல் பற்றிப் பேச்செடுத்தால் உத்திரமேரூரைத் துணைக்கு அழைப்பது நம் வழக்கம். முதற்பராந்தகன் காலத்தில், கி.பி. 919இலும் 921இலும் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டுகள் குடவோலை முறையை விரிவாகச் சொல்கின்றன. அதற்கும் முந்தைய சான்றாக அகநானூற்றின் 77ஆம் பாட்டைக் காட்டி நம் வகுப்பறைகளில் மகிழ்வதுண்டு. அந்தப் பெருமை நியாயமானதே. ஆயினும் கல்வெட்டைப் பொறுமையாகப் படிப்பவர் கண்ணில் முதலில் படுவது குடமன்று. குடத்துக்கு முன் நிற்கும் தகுதிப் பட்டியல். வரி செலுத்தும் கால் வேலி நிலம் வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும். வயது 35க்குக் குறையாமலும் 70க்கு மேற்படாமலும் இருத்தல் வேண்டும். வேதப் பயிற்சியும் வேண்டும். அது பிரமதேய ஊரின் சபை. குடத்துள் விழுந்த ஓலைகளின் எண்ணிக்கையைவிட, ஓலையில் எழுதப்படவே வாய்ப்பில்லாத பெயர்களின் எண்ணிக்கை பன்மடங்கு பெரிது என்பதை நாம் பெரும்பாலும் சொல்லாமல் விட்டுவிடுகிறோம்.

வாக்குரிமையின் வரலாற்றை வாக்குப்பெட்டியிலிருந்து தொடங்காமல் பெயர்ப்பட்டியலிலிருந்து தொடங்கிப் பார்த்தால் என்ன தெரியும்? இதற்கு விடை தேட நாம் வெகுதொலைவு போக வேண்டியதில்லை. கள்ளக்குறிச்சிக்கு மேற்கே நிமிர்ந்து நிற்கும் கல்வராயன் மலையைப் பார்த்தாலே போதும்.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கூறு கல்வராயன். ஜவ்வாது, சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை ஆகியவை இதன் உறவுகள். வடபகுதியைச் சின்னக் கல்வராயன் என்றும் தென்பகுதியைப் பெரிய கல்வராயன் என்றும் வழங்குவர். கோமுகி ஆறு இங்கே பிறந்து கச்சிராயபாளையம் வழியே சமவெளிக்கு இறங்குகிறது. இம்மலையில் பெரும்பான்மையாக வாழ்பவர்கள் மலையாளி எனப்படும் பழங்குடியினர். பெயரைக் கண்டு கேரளத்தை நினைத்துவிடக் கூடாது. மலையை ஆள்பவர் என்பதே அங்கே பொருள். இவர்கள் பேசுவது தமிழ். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று உடன்பிறப்புகள் என்பது அவர்களிடையே வழங்கும் தோற்றக் கதை. ஆங்கிலேயர் காலத்து நூல்களும் இக்கதையைப் பதிவு செய்துள்ளன.

இம்மலை நெடுங்காலம் மூன்று ஜாகிர்களாகப் பிரிந்து கிடந்தது. சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்னும் பெயர்களால் அவை அறியப்பட்டன. விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் அளித்த கொடை என்பது மரபுச் செய்தி. ஆங்கிலேய அரசும் இந்த ஏற்பாட்டைக் கலைக்கவில்லை. நாடு விடுதலை பெற்றது, ஜமீன்கள் ஒழிந்தன, 1963இல் இனாம் ஒழிப்புச் சட்டங்கள் வந்தன. ஆனால் கல்வராயன் மலை முழுமையாக அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்தது 1976இல்தான்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் குடித்து 65க்கும் மேற்பட்டோர் மாண்ட கொடுமையை நாம் மறந்திருக்க முடியாது. அதன் பின்னர்ச் சென்னை உயர்நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்துத் தாமாக முன்வந்து வழக்கொன்றை எடுத்துக்கொண்டது. 1976 வரை நீடித்த ஜாகிர் ஆட்சியும், அம்மக்களுக்கு 1990களில்தான் வாக்குரிமை கிடைத்தது என்னும் செய்தியும் அப்போதுதான் பொதுவெளியில் பரவலாகப் பேசப்பட்டன. நாளிதழில் அதைப் படித்தபோது நம்மில் பலருக்கு அச்சுப்பிழையோ என்று கூடத் தோன்றியிருக்கும். 1952இல் முதற் பொதுத்தேர்தல் நடந்த நாட்டில், மாவட்டத் தலைநகரிலிருந்து பேருந்தில் போய்வரும் தொலைவில் உள்ள ஒரு மலைக்கு வாக்கு வந்து சேர நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்றா?

இங்கே சற்று நின்று நிதானிக்க வேண்டும். சட்டத்தின்படி பார்த்தால் கல்வராயன் மலை எந்நாளும் இந்தியாவுக்கு வெளியே இருந்ததில்லை. அதன் ஒரு பகுதி தென்னார்க்காடு மாவட்டத்திலும் மறு பகுதி சேலம் மாவட்டத்திலும் அடங்கியிருந்தது. அரசியலமைப்பின் 326ஆம் பிரிவு வயதுவந்த குடிமக்கள் அனைவருக்கும் வாக்கு என்று சொன்னபோது, மலைக்கு விலக்கு என்று எங்கும் எழுதவில்லை. அப்படியானால் தடுத்தது எது? தடுக்கச் சட்டம் தேவைப்படவில்லை, எழுத ஆளில்லாமை ஒன்றே போதுமானதாக இருந்தது என்றே நாம் விளங்கிக்கொள்கிறோம்.

வாக்காளர் பட்டியல் என்பது வானத்திலிருந்து இறங்குவதன்று. வருவாய்த்துறையின் கணக்கு எவ்வழியோ அவ்வழியே பட்டியலும் போகும். சமவெளிக் கிராமத்தில் கர்ணம் இருந்தார். அவரிடம் நிலக்கணக்கும் வீட்டுக்கணக்கும் இருந்தன. 1980இல் தமிழகத்தில் கர்ணம் பதவி ஒழிக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர் அந்த இடத்துக்கு வந்தார். ஜாகிருக்குள்ளோ கணக்கு ஜாகிர்தாருடையது. வரி வாங்கியவர் அவர், வழக்குத் தீர்த்தவரும் அவர். குடியானவன் பெயர் அரசின் ஏட்டில் இல்லை. பட்டா இல்லாதவனுக்குக் கதவெண் இல்லை; கதவெண் இல்லாத வீட்டில் வாக்காளர் எப்படி இருப்பார்?

இந்தியா முழுவதற்குமான முதற்பட்டியல் அரசியலமைப்பு முற்றுப்பெறும் முன்னரே, 1947-48இலேயே தொடங்கப்பட்ட பெருமுயற்சி. 1951-52 தேர்தலில் 17 கோடிக்கும் மேற்பட்டோர் அதில் இடம்பெற்றனர். அதுவரை வரி, சொத்து, கல்வி என்று நிபந்தனை விதித்திருந்த ஒரு நாட்டில் அது வியத்தகு செயல். அந்தப் பெருஞ்செயலிலும் ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பெயர்கள் நீக்கப்பட்டன. காரணம் எளியது. இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டும் எழுதிக் கொடுத்தவர்கள் அவர்கள். தம் சொந்தப் பெயரை அயலானிடம் சொல்லும் வழக்கம் அவர்களிடம் இல்லை. பெரும்பாலும் வடமாநிலங்களில் நிகழ்ந்த இந்நீக்கத்தை முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் உறுதியாக நின்று செய்தார். பெயரின்றி வாக்கில்லை என்னும் அவர் நிலைப்பாட்டால் அடுத்தடுத்த தேர்தல்களில் பெண்கள் தம் பெயரோடு பட்டியலில் ஏறினர் என்பதும் உண்மை. அந்த ஒரு தேர்தலை அவர்கள் இழந்தனர் என்பதும் உண்மை.

இன்னொரு நிகழ்ச்சியையும் இங்கே சொல்ல வேண்டும். அது நம் பக்கத்து ஊர்க் கதை. முதற் பொதுத்தேர்தலில், அன்றைய சேலம் மாவட்டத்து நாமக்கல் தொகுதியில் ஒருவரின் வேட்புமனு தள்ளுபடியாயிற்று. அவர் உச்சநீதிமன்றம் வரை சென்றார். பொன்னுசாமி எதிர் தேர்தல் அலுவலர் என்னும் அவ்வழக்கில் 1952 ஜனவரியில் வந்த தீர்ப்பு இன்றுவரை மேற்கோள் காட்டப்படுகிறது. வாக்களிக்கும் உரிமையும் போட்டியிடும் உரிமையும் பிறப்பால் வந்த குடிமை உரிமைகள் அல்ல, சட்டம் படைத்துத் தந்தவை, ஆகவே சட்டம் விதித்த வரம்புக்கு உட்பட்டவை என்பது அதன் சாரம். இதற்கு மாறுபட்ட கருத்துகளும் பின்னாளில் அதே நீதிமன்றத்தில் எழுந்தன. எனினும் நடைமுறை அத்தீர்ப்பின் வழியே ஓடிக்கொண்டிருக்கிறது. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 62ஆம் பிரிவு, பட்டியலில் பெயர் இல்லாத எவரும் வாக்களிக்க இயலாது என்கிறது. கையில் வாக்காளர் அடையாள அட்டை இருந்தாலும், பட்டியலில் பெயர் இல்லையேல் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். பெயர் இருந்து அட்டை இல்லாதவருக்கோ ஆதார், நூறுநாள் வேலை அட்டை, புகைப்படம் ஒட்டிய வங்கிப் புத்தகம் என மாற்று வழிகள் உண்டு. அட்டை என்பது சாட்சி, பட்டியலே மூலம்.

அந்த மூலத்தில் ஏற இரண்டே நிபந்தனைகள். 18 வயது நிறைந்திருக்க வேண்டும். அத்தொகுதியில் வழக்கமாக வசிப்பவராக இருக்க வேண்டும். முன்பு ஜனவரி 1 ஒன்றே தகுதிநாளாக இருந்தது. 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் நாள்களும் சேர்ந்து நான்காயின. புதிதாகச் சேர்வதற்குப் படிவம் 6, நீக்கத்துக்கு 7, திருத்தத்துக்கும் இடமாற்றத்துக்கும் 8. சொல்வதற்கு எளிமைதான். ஆனால் வழக்கமாக வசிப்பவர் என்னும் அந்த ஒரு தொடர் மலைவாழ் மக்களின் வாழ்க்கையோடு உரசும்போது பொறி பறக்கிறது.

சாமையும் மரவள்ளியும் விளையும் காட்டில் ஆண்டு முழுவதும் வேலையில்லை. மலைமக்கள் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் தோட்ட வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிறார்கள். மாதக்கணக்கில் வீடு பூட்டிக் கிடக்கிறது. தற்காலிகமாக வெளியே சென்றிருப்பது ஒன்றினாலேயே ஒருவர் வசிப்பிடத்தை இழந்தவராகார் என்று 1950ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. முன்பே பட்டியலில் இருப்பவரை நீக்குவதற்குமுன் அவருக்கு வாய்ப்பளிக்க வேண்டும் என்று 1995இல் லால் பாபு உசேன் வழக்கில் உச்சநீதிமன்றம் வலியுறுத்தியது. ஆயினும் பூட்டிய கதவின் முன் நிற்கும் அலுவலருக்குச் சட்டப்பிரிவு தெரிவதில்லை. பூட்டு மட்டுமே தெரிகிறது.

2025 நவம்பரில் தமிழகத்தில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தை இந்த வெளிச்சத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் ஏறத்தாழ 97 லட்சம் பெயர்கள் இல்லை. அவற்றுள் இறந்தவர்கள் சுமார் 27 லட்சம். இடம்பெயர்ந்தோர் அல்லது காணப்படாதோர் என்னும் தலைப்பின் கீழ் மட்டும் சுமார் 66 லட்சம். இறந்தவரின் பெயரை நீக்குவதும் இரட்டைப் பதிவைக் களைவதும் தேவையே. அதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் இத்திருத்தம் ஒவ்வொருவரையும் 2002, 2005ஆம் ஆண்டுகளின் பட்டியலோடு, தம் பெயரையோ பெற்றோர் பெயரையோ காட்டி, இணைத்துக்கொள்ளச் சொன்னது. சமவெளிக் குடும்பத்துக்கு அது தாத்தன் காலம் தொட்டு வந்த ஏட்டின் ஒரு பக்கம். 1990களில்தான் பட்டியலுக்குள் வந்த மலைக்கோ அதுவே ஏறத்தாழ முதற்பக்கம். முதற்பக்கத்தில் விடுபட்டவருக்கு முந்தைய பக்கம் என்று ஒன்று கிடையாது. ஏற்கப்படும் ஆவணங்களின் வரிசையில் வன உரிமைச் சான்றும் இருந்தது என்பது ஓர் ஆறுதல். காட்டு நிலத்துக்காகப் போராடிப் பெற்ற தாள், வாக்குக்கும் துணை நிற்கிறது. இரண்டும் ஒரே ஏட்டின் இரு பக்கங்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பெயர் இருந்தாலும் நேரில் வர வேண்டும். அஞ்சல் வாக்கு படைவீரர்க்கும் தேர்தல் பணியாளர்க்கும் உரியது. 85 வயது கடந்தோருக்கும் 40 விழுக்காட்டுக்கு மேல் ஊனமுற்றோருக்கும் வீட்டிலிருந்தே வாக்களிக்க 2024 மக்களவைத் தேர்தலில் வழி செய்தார்கள். வாக்குச்சாவடி இரண்டு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது ஆணையத்தின் நெறி. நாமக்கல் மாவட்டத்துப் போதமலைக்குத் தலைச்சுமையாகவும், தருமபுரி மாவட்டத்துக் கோட்டூர் மலைக்குக் கழுதை முதுகிலும் வாக்குப்பதிவு எந்திரங்கள் ஏறிய படங்களைக் கண்டு நாம் நெகிழ்ந்திருக்கிறோம். எந்திரம் மலையேறிவிட்டது; ஆனால் வாக்காளர் அன்று வேறு மாநிலத்துத் தோட்டத்தில் இருக்கிறார். புலம்பெயர் தொழிலாளர்க்கென்று தொலைதூர வாக்குப்பதிவு எந்திரத்தை ஆணையம் 2022 டிசம்பரில் அறிவித்தது. 2023 ஜனவரியில் கட்சிகளை அழைத்துப் பேசியது. கட்சிகளின் ஐயங்களோடு அம்முயற்சி அப்படியே நின்றது. கூலிக்குப் போனவர் இரண்டு நாள் சம்பளத்தையும் பேருந்துக் கட்டணத்தையும் தம் கைப்பொருளாகச் செலவிட்டே வாக்களிக்க வருகிறார். அன்று கால் வேலி நிலம் கேட்டார்கள். இன்று பயணச்சீட்டு கேட்கிறோம்.

வந்து வாக்களித்தாலும் மலை ஒன்றாக வாக்களிப்பதில்லை. சேலம் மாவட்டத்தில் கருமந்துறைப் பக்கம் உள்ளவர்கள் பழங்குடியினர்க்கு ஒதுக்கப்பட்ட ஏற்காடு தொகுதியின் வாக்காளர்கள். கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் வெள்ளிமலைப் பக்கம் உள்ளவர்கள் பொதுத்தொகுதியான சங்கராபுரத்தின் வாக்காளர்கள். ஒரே மலை, ஒரே குடி. ஒரு சரிவில் அவர்களுள் ஒருவரே உறுப்பினராக முடியும், மறுசரிவில் அவர்கள் வாக்கு சமவெளியின் பெரும்பான்மைக்குள் கரைந்துவிடும். 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதும், கல்வராயன் மலைக்கென்று தனி வட்டம் வந்ததும் நிர்வாகத்தை அருகே கொண்டு வந்தன. தொகுதிக் கோடு மட்டும் அன்றைய இடத்திலேயே கிடக்கிறது.

உரிமை 1950இலேயே வந்தது என்று பாடநூலில் எழுதுகிறோம். அது பொய்யில்லை. ஆனால் ஒரு மலையின் வரலாற்றில் அந்த ஆண்டு ஒன்றையும் மாற்றவில்லை. கணக்கெழுதும் கை மலையேறிய ஆண்டுதான் மாற்றியது. அப்படி ஏறிய பெயர்களை ஒரு பூட்டிய கதவைக் கண்டு இறக்கிவிடலாகாது. வரைவுப் பட்டியல் ஒவ்வொரு முறை வெளிவரும்போதும் நம் பெயரை மட்டும் தேடிப் பார்த்து நிறைவடைகிறோம். நம் வகுப்பில் அமர்ந்திருக்கும் மலையூர் மாணவரிடம், உன் பெற்றோர் பெயர் இருக்கிறதா, இல்லையெனில் படிவம் 6 எழுதத் துணை வரட்டுமா என்று கேட்பது தமிழாசிரியர் வேலையா என்று சிலர் வினவக்கூடும். குடவோலையைப் பாடம் நடத்துபவருக்கு அதுவும் பாடத்தின் பகுதியே என்பது நம் எண்ணம்.