மாதிரி

ஃப்ரைடே ஹார்பரில் படகேறியவர்கள் எல்லோரும் ஓர்க்காக்களைப் பார்க்க வந்தவர்கள். நான் சாட்டர்னா தீவின் கிழக்கு முனையைப் பார்க்க வந்தேன் என்று சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை.

அந்த முனை கனடாவின் எல்லைக்குள் இருக்கிறது. அரித்துத் துளைபட்ட மணற்பாறை, காய்ந்த புல், ஒரு விளக்குக் கம்பம். 1964இல் வான்கூவர் மீன்காட்சியகத்துக்கு ஓர்க்காவின் முழு அளவுச் சிற்பம் ஒன்று தேவைப்பட்டது. சாமுவேல் பூரிச் என்ற சிற்பியை அனுப்பினார்கள். அவர் உளியோடு போகவில்லை, ஈட்டித் துப்பாக்கியோடு போனார். ஒன்றைக் கொன்று, அளவெடுத்து, அதைப் பார்த்துச் செதுக்குவதாகத் திட்டம். கலைக்கும் வாழ்வுக்கும் உள்ள உறவைப் பற்றி நாம் எழுதித் தள்ளிய கட்டுரைகளில் இந்தச் சிற்பி வந்திருக்க வேண்டும்.

அன்று யாருக்கும் இது கொடுமையாகப் படவில்லை. சற்று வடக்கே சீமோர் நீரிணையில், மீன்களுக்குப் போட்டி என்று ஓர்க்காக்களைச் சுட மீன்வளத் துறையே இயந்திரத் துப்பாக்கி ஒன்றை நிறுத்தியிருந்தது. அது வெடிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

ஜூலை 16 அன்று ஈட்டி பாய்ந்தது. ஆனால் மிருகம் சாகவில்லை. கூட வந்தவை அதை மூச்சுவிட மேலே தூக்கிப் பிடித்தன. கடைசியில் ஈட்டிக் கயிற்றோடேயே வான்கூவருக்கு இழுத்துப் போனார்கள். பெண் என்று நினைத்து மோபி டால் என்று பெயர் வைத்தார்கள். ஆண் என்பது இறந்த பிறகுதான் தெரிந்தது. வாரக்கணக்கில் அது எதையும் தின்னவில்லை. குதிரையின் இதயத்தைக்கூடக் கொடுத்துப் பார்த்தார்கள். அக்டோபரில் செத்தது.

இடையில் ஒன்று நடந்துவிட்டது. அது சாது என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது. பயம் போன இடத்தில் ஆசை வந்தது, ஆசைக்குப் பின்னால் விலை. 1965இல் நாமு. 1970 ஆகஸ்டில் பென் கோவ் குடாவில் வலைபோட்டு ஏழு குட்டிகளைப் பிரித்து விற்றார்கள். வலையில் மூழ்கிச் செத்த குட்டிகளின் வயிற்றைக் கிழித்துக் கல்லை நிரப்பி ஆழத்தில் இறக்கினார்கள். நவம்பரில் அவை கரை ஒதுங்கின. விற்கப்பட்டவற்றில் ஒன்று மயாமியின் தொட்டியில் 2023 வரை இருந்தது. வாஷிங்டன் மாநிலக் கடலில் இந்த வேட்டை 1976இல்தான் நின்றது.

எழுபதுகளில் மைக்கேல் பிக் என்பவர் முதுகுத் துடுப்பின் வெட்டுகளையும் அதன் பின்னுள்ள சாம்பல் திட்டையும் படமெடுத்து ஒவ்வொன்றையும் தனித்தனியே அடையாளம் கண்டார். ஒரே கடலில் இரண்டு குலங்கள்: மீன் தின்பவை, சீல் தின்பவை, ஒன்றோடொன்று கலப்பதில்லை. மோபி டால் மீன் தின்னும் குலத்தைச் சேர்ந்தது. அதனிடம் போய்க் குதிரையின் இதயத்தை நீட்டியிருக்கிறார்கள்.

நாங்கள் பார்த்தவை சீல் தின்பவை, நான்கு. கடற்சிங்கங்கள் நாற்றமும் கூச்சலுமாகப் பாறையில் கிடந்தன. கெல்ப் பாசிக்குள் ஒரு சீல் தலையை மட்டும் நீட்டி அசையாமல் இருந்தது. ஆள் உயரத் துடுப்பு ஒன்று அதைத் தாண்டிப் போயிற்று. நானும் எல்லோரையும்போல் கேமராவைத் தூக்கினேன். படத்தில் தண்ணீர்தான் இருக்கிறது.

திரும்பும்போது மேற்கே மீன் தின்பவை வருவதாக வானொலியில் சொன்னார்கள். எண்பதுக்கும் குறைவாகவே மிஞ்சியிருக்கின்றன. 2025 முதல் ஆயிரம் கெஜத்துக்குள் படகு போகக்கூடாது. கேப்டன் வேறு திசையில் திருப்பினார். பின்னால் யாரோ, கொடுத்த காசைப் பற்றி முணுமுணுத்தார்கள். தொலைநோக்கியில் மூச்சுப் புகை இரண்டு தெரிந்தது. மூன்றாவதும் இருந்திருக்கலாம்.