எந்த மாசத்தை வெச்சு எழுதுறது?

2023 ஆகஸ்டில் ஆரணிக்குப் போயிருந்தப்ப, மகளிர் உரிமைத் தொகை விண்ணப்பத்தை நிரப்பித் தரச் சொல்லி சித்தி கூப்பிட்டாங்க. ஆண்டு வருமானம் எவ்வளவு என்ற இடத்தில் என் பேனா நின்னுடுச்சு. சித்தி கேட்டாங்க: "எந்த மாசத்தை வெச்சுப்பா எழுதுறது?"

பட்டுத்தறி ஓடும் வீட்டில் இது நியாயமான கேள்வி. சேலையை நெய்து அறுத்துக் கொடுத்தால்தான் கூலி. மழைக்காலத்தில் தெருவில் பாவு போட முடியாது. குழித்தறியில் ஈரம் ஏறும். தறி நின்றால் முதலாளியிடம் முன்பணம். அடுத்த சேலையின் கூலியில் அது கழியும்.

நான் மென்பொருள்காரன். எந்த வடிகட்டியிலும் இரண்டு வகைப் பிழை உண்டு என்பது எங்கள் தொழிலில் பாலபாடம்: தகுதியில்லாதவர் உள்ளே வருவது, தகுதியுள்ளவர் வெளியே நிற்பது. முதல் பிழைக்குத்தான் எல்லோரும் கோபப்படுகிறோம். இரண்டாவதில் ஒரு வீட்டில் அடுப்பு எரியாது.

இந்தக் கணக்கை தமிழ்நாடு முன்பே ஒருமுறை போட்டுப் பார்த்திருக்கிறது. 1997இல் மத்திய அரசு ரேஷனை வறுமைக் கோட்டுக்குக் கீழே, மேலே என்று பிரித்தது. தமிழ்நாடு அந்தக் கோட்டைப் போடாமல், அரிசியை எல்லாருக்கும் பொதுவாகவே வைத்துக்கொண்டது.

பணத்திலும் இப்படிச் செய்த இடம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலம் எண்ணெய் வருமானத்தைச் சேர்த்து வைத்த நிதியிலிருந்து 1982இல் முதல் பங்கை, ஆளுக்கு 1,000 டாலர், குழந்தைகள் உட்பட அங்கே குடியிருப்பவர்களுக்குக் கொடுத்தது. பணக்காரனா ஏழையா என்று கேட்கவில்லை.

சும்மா கொடுத்தால் சோம்பேறி ஆயிடுவாங்களே? 2011இல் மத்தியப் பிரதேசக் கிராமங்களில் சேவா அமைப்பு யூனிசெஃப் உதவியோடு சோதித்தது. பெரியவருக்கு மாதம் 200 ரூபாய், குழந்தைக்கு 100. பின்பு 300, 150. வேலை குறையவில்லை, சொந்த நிலத்தில், சொந்தத் தொழிலில் உழைப்பது கூடியது.

நம்முடைய உரிமைத் தொகை அந்த அளவுக்குப் பொதுவானதல்ல. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள், மின்சாரம் 3,600 யூனிட்டுக்குள் என்று வரம்புகள் உண்டு. 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கியபோது 1.06 கோடிப் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். ஆனால் பெயரில் 'உதவி' இல்லை, 'உரிமை' இருக்கிறது. எனக்கு அது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

சித்திக்குக் கிடைத்தது. அந்த வருஷ மழையில் தறி நின்றது; பணம் நிற்கவில்லை. கூலிக்கு அது ஈடாகாதுதான். "முதலாளிகிட்ட இந்தத் தடவை ஆயிரம் குறைச்சலா வாங்கினேன்"னு போனில் சொன்னாங்க.